அடுத்த வண்டியில இடம் இருக்கு

மார்ச் 3, செவ்வாய்

தொண்டை கரகரவென்றிருக்கிறது. ரயில் நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறையில் நாள் முழுக்க ஒரே வரியை விதவிதமாகச் சொல்ல வைத்தார்கள். "அடுத்த வண்டியில இடம் இருக்கு. கொஞ்சம் பொறுங்க." நடைமேடை நிரம்பியதும் நிலைய வாசலில் கதவு தானாக மூடிக்கொள்ளும், வெளியே நிற்கும் ஜனத்துக்கு இந்த வரி. இதுவரை ஓர் ஆண்குரல் அதட்டிக்கொண்டிருந்தது. ஜனம் கதவை உதைத்தது.

திட்டப் பிரிவு மேலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சராசரி. வாயைத் திறந்தால் "சராசரியா பாத்தா" தான். "உங்கப்பாகிட்ட பேசுற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலையும் ஆடியது.

"நிஜமாவே அடுத்த வண்டியில இடம் இருக்குமா சார்?"

"எந்த வண்டிக்கும் அடுத்த வண்டின்னு ஒண்ணு உண்டுல்ல?"

அதுவும் ஒரு பதில்!

மார்ச் 9, திங்கள்

இன்று முதல் எல்லா நிலையத்திலும் நான்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுருண்டு படுப்பவர், இன்று உட்கார்ந்து கதையளக்கிறார். "வாசல்ல நின்ன எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அது எம் பொண்ணுன்னு. ஒருத்தன் நம்பலை. போடான்னுட்டேன்."

ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். "ஒரு ஆள் கூடுதலா ஏறினா லிஃப்ட் அலறும். நீ அலறாம சொல்றே பாரு, அதுலதான் இருக்கு சூட்சுமம்" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போகிறார். நெரிசலைக் குறைக்க ரயிலில் ஆளுக்கொரு பயண நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்; எனக்கு ஒதுக்கியது விடியற்காலை, அவருக்கு ஒதுக்கியது கூட்ட நேரம். மாற்றித் தர மாட்டேனென்கிறார்கள். "நோயாளி அட்டை வாங்கிக் குடுத்திருக்கேன்ல, பக்கக் கதவு வழியா போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "போறேன், போறேன்" என்று கையை ஆட்டினார்.

மார்ச் 13, வெள்ளி

என் பேச்சைக் கேட்டு நானே வாசலில் நின்றேன். ஆபீசுக்கு லேட்.

மார்ச் 20, வெள்ளி

சராசரி எழுந்து வந்து கை குலுக்கினார். ஜனம் இப்போது தள்ளுமுள்ளு இல்லாமல் முன்னைவிட நெடுநேரம் நிற்கிறதாம். "உங்க குரல் ஆறு பெட்டிக்குச் சமம்மா. புதுசா வாங்கவே வேண்டாம்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே புதுப்பெட்டி வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

"உடம்பு முடியாதவங்க பக்கக் கதவுக்கு வாங்கன்னு ஒரு வரி சேத்துக்கலாமே சார்?"

"சேத்தா ஊரே நோயாளி ஆயிடும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அப்பாவின் கால் வீங்கிக் கிடக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. நேற்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்? "உப்பை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களா?" என்று காட்டுக்கத்தல் கத்தினேன். "ஆமாம்மா, நாக்கு கேக்கலை" என்று சிரித்து மழுப்பினார். இந்த வயதில் வாயைக் கட்ட முடியாதா? கோபத்தில் பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

அப்பா போயிட்டாரு.

ஏப்ரல் 12, ஞாயிறு

நிலைய வாசலில் காவலுக்கு நிற்கும் பெண்மணி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அப்பாவின் பையைக் கொடுத்தார். போர்வை, தண்ணீர் பாட்டில், நோயாளி அட்டை. அட்டையின் மேலுறையைக்கூடப் பிரிக்கவில்லை அந்த மனுஷன்.

"திங்கக்கிழமையும் நின்னாரும்மா. பக்கக் கதவுக்கு வாங்கய்யான்னு எத்தனை வாட்டி கூப்பிட்டேன். 'எம் பொண்ணு பொறுங்கன்னு சொல்றா, நானே முந்தினா மத்தவன் கேப்பானா'ன்னு சிரிச்சாரு. லேட்டா போனதால ஆஸ்பத்திரில அவரோட டயாலிசிஸ் நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்து, புதன்கிழமை வாங்கன்னு அனுப்பிட்டாங்களாம். புதன்கிழமையும் அதே பேச்சு. மூச்சு வாங்குச்சு. ஓடிப் போய்ப் புடிக்கிறதுக்குள்ள..."

அப்படியென்றால் உப்பு இல்லை. உப்பே இல்லை! திங்கட்கிழமை ரத்தம் சுத்தம் பண்ணவே இல்லை. அது தெரியாமல் நான் கத்தினேனே — அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்குக் கெட்ட பேர் என்றா?

அது பொய்ப்பா. எந்த வண்டியிலயும் இடம் இல்லப்பா. அந்த மைக்கை நம்பச் சொல்லி உங்களுக்கு யாருப்பா சொன்னது? நான்தான். நான்தானே சொன்னேன்.

ஏப்ரல் 20, திங்கள்

குரலை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப் போனேன். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. சராசரி எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "பதிவு நிறுவனத்தோட சொத்தும்மா. இப்ப எடுத்தா நாளைக்கே கதவை உடைச்சிடுவாங்க. உள்ள இருக்கறவங்க தண்டவாளத்துல விழுவாங்க. சராசரியா பாத்தா..."

முடிக்க விடவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 27, திங்கள்

அழுது அழுது தொண்டை கட்டியது இன்னும் விடவில்லை. பேசினால் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் நேரத்துக்கு, அப்பா நின்ற வாசலில் போய் நின்றேன். கதவு மூடியது. தலைக்கு மேலே நான், அவ்வளவு இதமாக.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கையில் ஆஸ்பத்திரிப் பை, கால் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்குகிறது. "ஐயா, நிக்காதீங்க. அடுத்த வண்டியிலயும் இடம் இருக்காது. பக்கக் கதவு அதோ இருக்கு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா கத்தறே? அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையா சொல்லுது, காதுல விழலை? பொறு" என்றார். பையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.