போன் சொன்ன பிறை

19.02.2015, வியாழன்

மஃரிபு தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு சபூரா ராத்தா வேலிக்கு அங்கால் தன் வாசலில் நின்று கூப்பிட்டார். "சரீபா, தலைப்பிறை தெரியுதாண்டு பாத்துச் சொல்லு புள்ள."

அவருக்குக் கண்ணில் புரை. புருசன் ஜுனைதீன் காக்கா இருந்தவரை மாதாமாதம் அவர்தான் கடற்கரையில் பார்த்து வந்து சொல்வாராம். காக்கா முஹர்ரம் தலைப்பிறையன்று மவுத்தானார். அன்றிலிருந்து ராத்தா புருசனுக்காக இத்தா இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டக் கூடாது. போன மாதம் வரை மகள் நுஹா பிறை பார்த்தாள். இப்போது அவள் புத்தளத்தில். இன்று ஜமாதுல் அவ்வல் பிறை கண்டால் நாலு மாதம் சரி. மிச்சம் பத்து நாள்தான்.

நான் புத்தளத்துச் சிநேகிதிகளோடு குரூப்பில் அரட்டையில் இருந்தேன். தலையைத் தூக்காமலே போனில் இஸ்லாமியக் காலண்டரைத் தட்டிப் பார்த்து, "ஓம் ராத்தா, கண்டாச்சு" என்றேன். எனக்காகத் துஆச் செய்தார்.

20.02, வெள்ளி

கரண்ட் இல்லை. போனில் சார்ஜும் இல்லை. வேறு வழியில்லாமல் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பனைகளுக்கு மேலே நகக்கீற்றளவில் பிறை, பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளி. எவ்வளவு வடிவு!

மீன்பிடித்துக் கடலால் வந்த மஹ்மூது காக்கா சைக்கிளை நிறுத்தினார். "தலைப்பிறை கண்டியளா? நேத்தும் பாத்தனாங்கள், காணேல்ல."

அப்ப நேற்று நான் சொன்னது? போன் எந்தத் தேசத்துக் கணக்கைக் காட்டியதோ. கண்டாச்சு என்று சொன்னனே - ஆர் கண்டது?

21.02, சனி

ராத்தாவிடம் போகவில்லை. வேலிப்பக்கம் பார்க்கவே வெட்கம்.

23.02, திங்கள்

பள்ளிக்கூட பஸ்ஸில் போனை எடுக்க மனமில்லை. பாலத்தில் வெளியே பார்த்தால் தண்ணீர் முழுக்கப் பூநாரைகள். மூன்று வருடமாக இதே பஸ், இதே பாலம். "ஒவ்வொரு வருசமும் வாறதுகள்தானே ரீச்சர்" என்றார் கூடப் படிப்பிக்கும் எடித். தொண்ணூறில் முஸ்லிம்கள் எங்களை ஊரைவிட்டுப் புத்தளத்துக்கு அனுப்பிய பிறகும் அதுகள் வந்து போயிருக்கின்றன. நான்தான் திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, மூன்று வருடமும் போனுக்குள் புத்தளத்திலேயே இருந்திருக்கிறேன்.

பின்னேரம் போய்ச் சொல்லிவிட்டேன். "ராத்தா, நான் பிறை பாக்கேல்ல. போனைப் பாத்துத்தான் சொன்னனான். ஒரு நாள் பிழைச்சுப்போச்சு." அழுகை வந்துவிட்டது.

ராத்தா விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். "நல்லவேளை, முடிய முதல் சொன்னாய். முந்தி வெளிக்கிட்டிருந்தா அவருக்கு என்ன முகத்தைக் காட்டுறது?" பிறகு சிரித்தார். "இன்னும் ஒரு நாள் அவரோட இருக்கக் கிடைச்சிருக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

என்னைத் திட்டவே இல்லை. இப்படி ஒரு மனுசி பக்கத்து வீட்டில்.

26.02, வியாழன்

ஏழாம் பிறை. முகில் கலையும்வரை நின்று பார்த்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜமாதுல் அவ்வல், பிறை 10

மஃரிபு பாங்கு சொன்னதும் ராத்தாவின் வாசலுக்குப் போனேன். "முடிஞ்சுது ராத்தா, வாங்கோ."

படியில் நின்று, "போனைப் பாத்தோ சொல்லுறாய்?" என்றார்.

"இல்லை. பத்து இரவும் நானே எண்ணினனான்."

நாலு மாதமாகப் போடாத செருப்பு, ஒரே தூசி. துடைத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை நடந்தார். அங்கே நின்று, தெரியாத கண்ணோடு மேலே பார்த்தார்.

"எப்பிடி இருக்கு?"

பார்த்ததைச் சொன்னேன்.