தலை கிள்ளின எறா

புதுப்பட்டினம்
14-7-1976

பம்பாயில் இருக்கும் மகன் தணிகைவேலுக்கு அம்மா ஆதியம்மாள் எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் எனக்கும் உன் நைனாவுக்கும் தங்கச்சி வச்சலாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ அங்கே வேளைக்குச் சோறு தின்கிறாயா, இல்லை நைனா மாதிரி பீடிப் புகையிலேயே வயிற்றை ரொப்புகிறாயா என்று எழுது. ஐஸ் பேக்டரி வேலையை விட்டுவிட்டு, இங்கே எறா கம்பெனி கட்டுகிற ஐஸ் கொட்டகையில் வேலைக்குச் சேர வருவதாக எழுதியிருந்தாய், வச்சலா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வராதே அப்பா. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடு.

கொட்டகை சுவரோடு நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை வலை நிறைய எறா. எப்போதும்போல லாரி வருவதற்குள் பொம்பளைகள் எல்லாரும் உட்கார்ந்து தலையைக் கிள்ளிப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தோம், ஜப்பான்காரனுக்குத் தலை ஆகாதாமே. பொழுது சாய்ந்தும் லாரி வரவில்லை. மறுநாள் கம்பெனி ஆள் வாசுதேவன் வந்தான். எறா வெளிநாடு போனால் அதற்குப் பதில் அங்கேயிருந்து மிஷின் சாமான் இறக்கிக்கொள்ள சர்க்கார் லைசென்சு கொடுத்துக்கினு இருந்ததாம், மொதலாளிக்கு லாபமே அதில்தானாம், இப்போது டில்லியில் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம், வெறும் எறாவ வச்சிகினு மொதலாளி இன்னா பண்ணுவாரு என்று என்னையே கேட்கிறான். வறுத்துத் துன்னச் சொல்லுடா என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவம், அவன் வேலையும் போச்சு.

கூடையைத் தூக்கிக்கொண்டு கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குப் போனால், தலையில்லாமல் புதுசா பழசா எப்படித் தெரியும் என்கிறார்கள். தலை முன்னாடியே ஜப்பானுக்குப் போயிடுச்சிம்மா, ஒடம்புக்குத்தான் சீட்டு கெடைக்கல என்றேன். ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், வாங்கவில்லை. மணலில் காயப்போட்டோம், மழை வந்து அழுகிவிட்டது. எறாதான் இனி காசு என்று யாரோ ஆபீசர் சொன்னதைக் கேட்டு உன் நைனா பழைய மீன் வலையை அறுத்துக் கோழிக்கூண்டுக்குக் கட்டினார் இல்லையா, இப்போது மீனுக்குப் போக வலையில்லாமல் கூண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோழிக்கு வந்த வாழ்வு. இன்றைக்கும் நாலு எறா வந்தது, வாங்க ஆளில்லை என்று தெரிந்தும் என் கை தன்னால் தலையைக் கிள்ளிவிட்டது.

மழையில் நனையாதே, நல்லா இரு. மறுபடியும் சொல்கிறேன், வராதே. நீ படுக்கிற இடத்தில் கம்பெனியின் காலிப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன், வந்தாலும் பாய் விரிக்க இடமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. ஆதியம்மாள்