பாலத்திலிருந்து குதித்தால்

பான்க்யோ, செப்டம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு ஹேரின் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

எங்கள் புது வீடியோ கேம் வெளியாக ஐந்தே நாள் இருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கும் என் வேலையில் ஒரு பிழை பிடித்தேன். படகில் ஏறாமல் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தால் திரை உறைந்து, அதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும். அந்தப் பகுதியை எழுதிய பியோ அண்ணன் சிரித்தார்.

“படகு கண்ணெதிர நிக்குது. எந்தக் கிறுக்கு ஆத்துல குதிக்கும்?”

“எங்கம்மா குதிப்பாங்கண்ணே. எந்த கேம் ஆடினாலும் அம்பு காட்டுற பக்கம் அவங்க ஒருநாளும் போனதில்ல.”

குழுத் தலைவி குதித்துப் பார்த்தார். திரை உறைந்தது. “உங்கம்மாவுக்கும் சம்பளம் போடணும் போலிருக்கே!” என்றார்.

வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனது. பியோ அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் காப்பியை வைத்துவிட்டு, “வேற எங்கெல்லாம் குதிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

வெளியீடு தள்ளிப்போனதால் சூசோக் பண்டிகைக்கு ஊருக்கு வர முடியாது. வருந்தாதீர்கள், என் வேலையை நான் ஒழுங்காகச் செய்ததால் வந்த வினை இது.

கிம்ச்சி ஊறுகாயை இனிச் சின்ன டப்பாவில் அனுப்புங்கள். நான் ஒருத்தி தின்று தீர்ப்பதற்குள் புளித்துவிடுகிறது.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

ஹேரின்