பிளாட்பாரத்தில் பாவு

14-3-1979, புதன்

மூடிக் கெடக்கிற ஸ்டேஷன் பிளாட்பாரத்துல விடிகாலையில நெசவுக்குப் பாவு நூலை நீளமா நீட்டிக் கஞ்சி போட்டுக்கினு இருந்தேன். மெட்ராஸ் காலேஜ் பசங்களும் ஜெர்மன் காலேஜ் பசங்களும் அளக்கற டேப்போட வந்தாங்க. கட்டடப் படிப்பாம். ஸ்டேஷனைப் புதுப்பிக்கச் சேர்ந்து பிளான் போடறாங்களாம். நம்ம நெசவுக்காரங்க எடம் போச்சுன்னு நெனச்சேன். "ஈர நூலைத் தாண்டினா காலை ஒடிப்பேன்"னு கத்தினேன். நூல் காயற வரைக்கும் வெயில்லயே ஒக்காந்திருந்தாங்க.

சாயங்காலம் ஜெர்மன் பொண்ணு பிளான் படத்தைக் காட்டுச்சு. டிக்கெட் ரூம்ல லைப்ரரி. பிளாட்பாரம் நெடுக நீளநீளமா கோடுங்க.

"புது தண்டவாளமா?"ன்னேன்.

மெட்ராஸ் பையன் சிரிச்சான். "இல்லீங்கய்யா, உங்க பாவு. அந்த எடத்துல எதுவும் கட்டக் கூடாதுன்னு இவங்கதான் வரைஞ்சாங்க."

கட்டுவாங்களோ மாட்டாங்களோ, படத்துல எங்களை வெச்சிருக்காங்க. வெயில்ல ஒக்காந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கணும்னு காலைல எனக்குத் தோணலியே.