மெற்றில்டா பெயரிலுள்ள கால் பங்கு

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
1938 ஆகஸ்டு 14.

அன்பு மகன் நோபேட்டுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் குறையின்றி நடமாடுகிறோம், மட்டக்களப்பில் நீயும் மெற்றில்டாவும் பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டுமென்று நாளை மாதா திருநாள் பூசையில் கேட்டுக்கொள்வேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் தங்கை றஞ்சிதத்துக்கு இது எட்டாம் மாதம், பிரசவத்துக்குப் பொரளை ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடையிலிருந்து கயிறும் தாரும் வழமைபோலக் கப்பல்களுக்குப் போகின்றன. ஆனால் உன் கடிதம் வந்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கட்சிக்காரி சீனியம்மா தன் வளவு நிலத்தை அரிசி மில்லுக்குக் குத்தகைக்குக் கொடுத்தபோது உறுதிப் பத்திரம் எழுதி முடித்த பிறக்கிராசி நீ, அவர் கிணற்றுக்குப் போகும் பாதையை அதில் எழுத மறந்ததும் நீ. இப்போது மில்காரன் மதில் கட்டிப் பாதையை அடைத்துவிட்டான், அந்த மனுசி வேறு பிறக்கிராசியைப் பிடித்து உன்மேல் வழக்கு வைக்கப்போகிறார். பயப்படாதேங்கோ அப்பா, தொழில் பிழைக்கென்று இன்சூரன்ஸ் வைத்திருக்கிறேன் என்று நீ எழுதினாய். எனக்குப் பயம் போகவில்லை. நீ அனுப்பிய இன்சூரன்ஸ் பத்திரத்தோடு வெள்ளிக்கிழமை கோட்டைக்குப் போய் அந்தக் கந்தோரில் வேலைசெய்யும் இராசரத்தினத்தாரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். ஓம் முதலாளி, பிறக்கிராசியா நிண்டு மற்றவைக்குச் செய்த வேலையில பிழை வந்தா நாங்க காசு குடுக்கிறதுதான், ஆனா தனக்கோ பெண்சாதிக்கோ பங்கிருக்கிற வியாபாரத்துக்குச் செய்த வேலைக்கு இல்லை என்றார். பாதையை மறந்தது பிறக்கிராசியின் பேனைதானே, மில் முதலாளியின் பேனையா என்று சண்டைபிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, நீங்க கயிறு விக்கிறதை விட்டிட்டு வழக்குப் பேச வரலாம், ஆனா பேனை பிடிச்ச கைக்கு மில்லில பங்கிருந்தா அந்தப் பேனைக்கு நாங்க பொறுப்பில்லை என்றார்.

பெண்சாதி என்று அவர் சொன்னதும் எனக்கு உறைத்துவிட்டது. போன வருடம் பெப்ரவரியில் மில்காரன் உனக்குக் கால் பங்கு தருகிறேன் என்றபோது, உன் பெயரில் வேண்டாம், மெற்றில்டா பெயரில் போடு, ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னவன் நான். கொழும்பில் கடைக்காரர் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், இந்தக் கடைகூட அம்மா பெயரில்தானே. கடைக்காரனுக்குச் சரிவரும் புத்தி பிறக்கிராசிக்குச் சரிவருமா என்று நான் யோசிக்கவில்லை.

இனி நீ கடைசியில் கேட்டதற்கு வருகிறேன். உறுதி முடித்தது போன வருடம் மே மாதம், ஆனால் மெற்றில்டா பங்கு வாங்கியது அதற்குப் பிறகு, நத்தார்ப் பண்டிகைக்கு நான் கொடுத்த காசில் என்று, அப்போதே எழுதியதுபோல ஒரு கடிதம் தரச் சொல்கிறாய். மகனே, நான் தரமாட்டேன். மில்காரன் இன்று உன் கூட்டாளி, நாளை சாட்சிக்கூண்டில் ஏறினால் தன்னைக் காப்பாற்ற உள்ள திகதியைச் சொல்லிவிடுவான். மறதிக்காக வீடு வளவு போகலாம், பொய்க் கடிதம் பிடிபட்டால் பிறக்கிராசி என்ற பெயரையே வெட்டிவிடுவார்கள். எத்தனை வருடம் சட்டம் படித்தாய், யோசித்துப் பார்.

பங்கு இருப்பதைப் பெப்ரவரி என்ற திகதியோடு இன்சூரன்ஸ்காரருக்கு உடனே எழுது. அவர்கள் கைவிடலாம், விடட்டும். அவர்கள் பதில் வருமுன் மதிலில் ஒரு வாசல் வைக்கும்படி மெற்றில்டாவே மில்காரனிடம் கேட்கட்டும், கால் பங்குக்காரி கேட்டால் லேசில் தட்டமாட்டான். தட்டினால் அந்தப் பங்கை அவன் முகத்திலேயே எறிந்துவிட்டு வெளியே வாருங்கள். புதன்கிழமை காலை அங்கே வந்துசேரும் கோச்சி வண்டியில் நான் வருகிறேன். அன்று பின்னேரம் நீயும் நானும் சீனியம்மா வீட்டுக்குப் போவோம். பெண்சாதி பெயரில் ஒளிக்கச் சொன்னவன் நான்தான் என்று அவரிடம் என் வாயால் சொல்வேன். அவர் ஏசுவார். நீ சட்டம் கதைக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

உங்கள் மூவரையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். இன்சூரன்ஸ்காரருக்கு எழுதும் கடிதம் தவிர, நான் வரும்வரைக்கும் வேறு எந்தக் கடதாசியிலும் கையொப்பம் வைக்காதே.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
ம. பேர்னாட்