கடலலை நிரலின் மின்கணக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்
விடியலிலிருந்து சாரல். துணி காயவில்லை. கல்லூரியில் இரண்டு வகுப்பு.

நான் திருத்திய கடலலை முன்னறிவிப்பு நிரல், வடக்கே உள்ள மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் நேற்று ஓடி முடிந்தது. பழைய நிரல் தின்ற மின்சாரத்தில் பாதிதானாம். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே போதும், நம் கரைக்கு மாலையிலும் ஒரு முன்னறிவிப்பு தருவதாக மையத்தின் வாக்கு. இப்போது காலையில் மட்டும்.

மையத்துப் பொறியாளர் கணேசன் போனில் வாழ்த்தினார். பாதி? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
முட்டத்திலிருந்து மீன்கார பிலோமினா. சாளை மட்டும். கடல் அமைதி என்று நேற்றுக் காலையில் போனில் முன்னறிவிப்பைப் பார்த்துப் போன அவள் மகன், மாலையில் காற்று மாறி வலையை அறுத்துவிட்டுக் கரை சேர்ந்தானாம்.

"காலம்பற சொன்னதுதான் சாயங்காலத்துக்குமா டீச்சரே? கடலு என்ன கவர்மெண்ட் ஆபீஸா?"

அரைக் கிலோ வாங்கினேன்.

மதியம் தவறு பிடிபட்டது. சிப்புக்குள் இருக்கும் மின் மீட்டர் நிறைந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். நான் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் படித்திருக்கிறேன். புதிய நிரல் ஓடியபோது நடுவில் ஒரு சுற்று முழுக்கக் கணக்கில் விழவில்லை. வெட்கம்.

ஆகஸ்ட் 6, புதன்
பழையது, புதியது இரண்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை படித்து மறுபடி அளந்தேன். மிச்சம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கோட்டாற்றுக் கடையை அடைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஒனக்கு என்ன?"

"அளவு தப்பு."

கணேசனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்
கணேசன் போன். தருவதாக இருந்த மாலை முன்னறிவிப்பை நிறுத்தி வைக்கிறார்களாம். எதிர்பார்த்ததுதான்.

நிமிட அளவுகளை வரைபடமாக்கிப் பார்த்தேன். ஒரு சிப் முடிவுகளைக் கோப்பில் எழுதி முடிக்கும்வரை மற்ற சிப்புகள் எல்லாம் சும்மா காத்திருக்கின்றன. காத்திருக்கும்போதும் வேலை செய்கிற அளவுக்கே மின்சாரம். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் லாரிகள் மாதிரி. முதலும் முடிவும் மட்டும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆகஸ்ட் 9, சனி
காத்திருப்பவற்றைத் தூங்க வைத்தேன். இரண்டு தடவை நிரல் பாதியில் நின்றது. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசி வாங்க மறந்தேன். இவர் வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்
ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதற்குக் கொஞ்சம் மேலேயே. நான் நம்பாமல், கணேசனிடம் வெளி மீட்டரிலும் அளக்கச் சொன்னேன். ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் 13, புதன்
நல்ல வெயில். மாலை முன்னறிவிப்பு இன்று முதல். வந்துவிட்டது, பார்த்தேன்.

கணேசன்: "மேடம், இனிமே எல்லா நிரலையும் உங்க முறையிலதான் அளக்கணும்னு சொல்லியாச்சு. பாதிப் பேர் காட்டின மின்சார மிச்சம் காணாமப் போச்சு. உங்க மேல கோவமா இருக்காங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

இவரிடம் சொன்னேன். இத்தனை பேர் கோபத்தை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டவளை இப்போதுதான் பார்க்கிறாராம்.