பூரணியின் இரண்டாவது கோப்பை

1997 பெப்ரவரி 11

பாலத்துச் சோதனைச் சாவடியில் இன்றும் ஆமிக்காரர் சாடிகளுக்குள் கம்பி விட்டார்கள். நானும் பூரணியும் அலுவலகங்களுக்குள் பூச்சாடி வைத்துப் பராமரிப்பவர்கள் என்று தொண்டு நிறுவனத்து மீராசாஹிப் எழுதித் தந்த கடிதத்தைக் காட்டினோம். அதற்கும் கம்பிதான். ஒவ்வொரு சாடியாக மண்ணுக்குள் இறக்கிப் பார்க்கிறார்கள். வேர்தான் இருக்கிறது, வேறென்ன இருக்கும்? ரப்பர் செடிச் சாடிக்குள் கம்பி இறங்கியபோது பூரணி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சாடி வண்டிலைத் தள்ளிப் பாலம் கடந்த பிறகு சொன்னாள்.

"அந்த ஆமிக்காரன்ட வீட்டுல ஒரு பூக்கண்டும் இல்ல போலகா."

தொண்டு நிறுவன அலுவலகத்தில் யன்னல்களை மண்மூட்டை மறைத்துவிட்டது. பகலிலும் விளக்கு. அந்த இருட்டில் எந்தக் கன்றும் நெடுநாள் தாங்காது. அதனால் பாதிச் சாடிகள் அங்கே, பாதி கல்லடியில் என் முற்றத்துப் பந்தலின் கீழ். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுவோம். இன்று மாற்றினோம்.

பெப்ரவரி 25

மீராசாஹிப் அலுவலகப் பொறுப்பாளர், நல்ல மனுஷன். ஆனால் மிச்சத் தேத்தண்ணியைக் குரோட்டனுக்கு ஊற்றுகிறார். சீனியோடு! சாடியைச் சுற்றி எறும்பு. நான் சண்டைக்குப் போனால் பூரணி சிரிக்கிறாள்.

"பாவம், அவருக்குத் தனியக் குடிக்க விருப்பமில்லயாக்கும்."

இவளோடு தொழில் செய்வது பெரிய தலையிடி. நான் அளந்து தண்ணீர் விட்டுப் போவேன். பின்னால் வந்து ஒரு கோப்பை கூடுதலாக விடுவாள். வேர் அழுகும் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று! இலை துடைக்கும்போது ஒவ்வோர் இலையோடும் கதை வேறு. ஒரு அறையை முடிப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிடும்.

அவள் துடைத்தால்தான் இலை மினுங்குகிறது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

மார்ச் 9

பூரணியின் மகன் கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். ஒரே பிள்ளை.

"அம்மாவ இனி இங்க விட ஒண்ணா அன்ரி. செல்குண்டு விழுந்த செய்தி கேட்டாலே எனக்கு நித்திரை இல்ல."

நியாயம்தான். நியாயமாகத்தான் பேசுகிறான். பிறகு எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

மார்ச் 10

"என்னகா சொல்றாய், நான் போகட்டா?"

"உன்ர மகன், உன்ர விருப்பம். என்னட்ட ஏன் கேக்கிறாய்?" என்றேன்.

அவள் மருள் செடியின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இலையையே திரும்பவும் துடைத்தாள்.

போகாதே என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு இங்கே ஏதும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

மார்ச் 16

போய்விட்டாள். மணிப்பிளான்ட் கிளை ஒன்றை ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். மண் என்றால் கொழும்பு போய்ச் சேரும்வரை கம்பி விட்டே கொன்றுவிடுவார்கள். தண்ணீரென்றால் கண்ணாடிக்குள் எல்லாம் தெரியும்.

"வேர் போத்தல அடைச்சா மண்ணில நடு" என்றேன். பஸ் ஏற்றி அனுப்புகிறவள் சொல்லுகிற கதையா இது? மடைச்சி. நான்தான்.

ஏப்ரல் 20

வண்டில் ஒரு பக்கமாக இழுக்கிறது.

மே 18

குரோட்டன் இலை கொட்டுகிறது. அலுவலகத்திலும் அப்படித்தான், வீட்டுப் பந்தலிலும் அப்படித்தான். பூச்சியென்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். மண் மாற்றினேன். தேத்தண்ணிக்காக மீராசாஹிப்பை நன்றாக ஏசினேன். "அல்லாவறிய நான் இப்ப ஊத்துறதில்ல" என்றார், முகம் சுருங்கி.

மே 27

கண்டுபிடித்துவிட்டேன். விரலை மண்ணுக்குள் ஆழ விட்டுப் பார்த்தேன். அடிமண் காய்ந்து கட்டியாகக் கிடக்கிறது.

அவளுடைய அந்தக் கோப்பை! அவள் எப்படியும் விடுவாள் என்று நான் வருடக்கணக்காகக் குறைத்தே விட்டிருக்கிறேன். என் கைக்கே அது தெரியாது. பெரிய அளவுக்காரி என்று என்ன நடப்பு நடந்தேன்! நான் விட்டது அரைத் தண்ணீர்தான்.

மீராசாஹிப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஜூன் 30

மீராசாஹிப் அலுவலகத் தொலைபேசியில் கொழும்புக்கு எடுத்துத் தந்தார். பூரணியின் குரல் மெலிந்துபோயிருந்தது.

"மகன் வேலைக்குப் போனா கதவத் திறக்காம இருக்கட்டாம். யன்னலத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர்தான். வாயத் திறந்து பறையிறதுக்கு ஆளில்லகா."

"மணிப்பிளான்ட்?"

"வேர் விட்டிருக்கு."

வா என்று சொல்ல அப்போதும் பயம். ஆனால் வாய் நிற்கவில்லை. "குரோட்டனெல்லாம் வாடிப் போச்சு பூரணி. உன்ர கோப்பத் தண்ணி இல்லாம."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுவது கேட்டது. நானும் அழுதேன். மீராசாஹிப் கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஓகஸ்ட் 3

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா. அமிர்தகழியில் கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். நான் மாதா கோயில்காரி, ஆனாலும் போனேன். எதற்கென்று எனக்குத் தெரியும். தீர்த்தக் கரையில் ஈரச் சேலையோடு பூரணி நின்றாள்! பக்கத்தில் மகன். "தீர்த்தமாடத்தான் வந்தவ அன்ரி, செவ்வாய்க்கிழமை திரும்பிருவம்" என்றான். கழுத்தெலும்பு தெரிகிறது அவளுக்கு.

ஓகஸ்ட் 5

காலையில் வாசல் படலைக்கு முன்னால் பூரணி. கையில் ஜாம் போத்தல். உள்ளே தண்ணீருக்கு இடமில்லை, எல்லாம் வேர்.

"கொழும்பில மண்ண பேக்கில கட்டி விக்கிறானுகள். அத நம்பி இத நட ஒண்ணா."

"பஸ் எத்தின மணிக்கு?"

"அவன் மட்டும் விடிய வெள்ளண ஏறிட்டான்" என்றாள். "சாடி ஒண்டு தா."

ஓகஸ்ட் 12

பூரணியோடு சாடிகள் மாற்றிய நாள். பாலத்தில் கம்பி. அலுவலகத்தில் குரோட்டனுக்குப் பழையபடி குறைத்தே தண்ணீர் விட்டேன்.